பத்து லட்சம் பெயர்களில் ஒன்றை இருபதே பார்வையில் கணினி கண்டுபிடிப்பது எப்படி?

அகராதியில் ‘மழை’ என்ற சொல்லைத் தேடுகிறீர்கள். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகவா படிப்பீர்கள்? மாட்டீர்கள்.

நடுவில் பிரிக்கிறீர்கள், ‘த’ வரிசை வருகிறது. ‘ம’ அதற்குப் பின்னால்தானே? முன்பாதி முழுவதையும் ஒதுக்கிவிடலாம். மீதியை மறுபடி நடுவில் பிரிக்கிறீர்கள், ‘ய’ வருகிறது. இப்போது பின்பகுதி வேண்டாம். இப்படியே நெருங்கிவிடுகிறீர்கள்.

கணினியும் இதைத்தான் செய்கிறது. இதற்கு ‘இருமத் தேடல்’ என்று பெயர். 1946-லேயே கணினி முன்னோடி ஜான் மாக்லி இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

பத்து லட்சம் பெயர்கள் இருக்கட்டும். ஒரு பார்வையில் அது ஐந்து லட்சமாகும். அடுத்ததில் இரண்டரை லட்சம். பத்தாவது பார்வைக்குப் பிறகு மிஞ்சுவது ஆயிரத்துக்கும் குறைவு. இருபதுக்குள் விடை கிடைத்துவிடும். நூறு கோடிப் பெயர்கள் என்றாலும் 30 பார்வை போதும்!

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பட்டியல் வரிசையாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். சொற்கள் கலைந்து கிடக்கும் அகராதியில் ‘த’ வந்தால், ‘ம’ எந்தப் பக்கம் இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

அப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் வழி. அது ‘நேரியல் தேடல்’. தேடும் பெயர் கடைசியில் இருந்தால் பத்து லட்சத்தையும் பார்த்தாக வேண்டும். பத்துப் பெயர் கொண்ட சிறு பட்டியலுக்கு அந்த எளிய முறையே போதும்.

பெரிய பட்டியலில் பலமுறை தேட வேண்டுமா? ஒருமுறை பொறுமையாக அடுக்கிவையுங்கள். அந்த உழைப்பு ஒவ்வொரு தேடலிலும் உங்களுக்கு நேரமாகத் திரும்பி வரும்.