ஊசி குத்தினால் மறைக்காதீர்கள்: லேப் பணியாளர்கள் அறிய வேண்டியவை

எஸ்பிஎம் முடித்து, டிப்ளோமா படித்து, மருத்துவ ஆய்வுக்கூடங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உண்டு. குளிரூட்டிய அறை, வெள்ளைக் கோட், வெயில் மழை படாத வேலை. பெற்றோருக்கு அது நிம்மதிதான். ஆனால், அந்த அறைக்குள் இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடும்போது விரலில் குத்துவது இவ்வேலையில் நன்கு அறியப்பட்ட விபத்து. தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்பாடைடிஸ் பி கிருமியுள்ள இரத்தம் ஏறினால், தொற்றும் வாய்ப்பு 100க்கு 30 வரை உண்டு. எச்ஐவி என்றால் 1,000க்கு 3 அளவில்தான். மக்கள் பயப்படுவது எச்ஐவிக்கு. கவனிக்காமல் விடுவது ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசியை. வேலையில் சேரும் முன்பே அந்த ஊசியை முழுமையாகப் போட்டுக்கொண்டோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்க வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மேலாளரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

"சின்னக் குத்துதானே, எதற்கு வம்பு?" என்று மறைப்பவர்களுக்குப் பின்னால்தான் சிக்கல். தனியார் லேப்பில் வேலை செய்பவருக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. வேலையிட விபத்து தமக்குத் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவே இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியும்போது அது வேலையில் வந்தது என்று எப்படிக் காட்டுவது? அன்றைய தேதியிட்ட எழுத்துப் புகாரின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

அசதியும் கையைத் தவற வைக்கும். தீபகற்பத்தில் 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் வார வேலை நேரம் 48லிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஷிஃப்ட் வேலையில் ஒரு வாரம் கூடலாம். ஆனால் மூன்று வாரச் சராசரி 45 மணியைத் தாண்டக்கூடாது. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு, சாதாரண நாளில் செய்யும் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும். "லேப் வேலை என்றால் அப்படித்தான்" என்ற பதிலைச் சட்டம் ஏற்காது. ஷிஃப்ட் அட்டவணையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

அரசாங்க ஊழியருக்கு வேலை நேரத்துக்கும் ஓவர்டைமுக்கும் வேறு விதிகள். பாதுகாப்பில் அந்த வேறுபாடு இல்லை. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் அரசாங்க மருத்துவமனை லேப்பையும் தனியார் லேப்பையும் கட்டுப்படுத்துகிறது. கையுறை, கூர்மையான கழிவுக்கான பெட்டி, ஃபார்மலின் நெடி வெளியேறும் வசதி ஆகியவை முதலாளியின் சலுகை அல்ல. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், முதலாளி அதைச் சரிசெய்யாத நிலையில் அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையையும் அச்சட்டம் ஊழியருக்குத் தருகிறது.