விறைத்த விரல்களுக்குப் பிறேக் பிடிபடாது

ஐப்பசி பிறந்ததும் பாரிஸ் வீதிகளில் ஒரு மாற்றம் தெரியத் தொடங்கும். ஸ்கூட்டர்களில், ஓட்டுபவரின் இடுப்பிலிருந்து கால்வரை மூடும் கரிய போர்வைகள் முளைக்கும். கைபிடிகளின்மேல் தலையணை போன்ற உறைகள் ஏறும். முன்னதைப் பிரெஞ்சுக்காரர் 'தப்லியே' என்பர். பின்னதை 'மான்ஷோன்' என்பர். இரண்டும் பார்வைக்கு அழகானவை அல்ல. ஆயினும் கழுத்துப்பட்டி அணிந்த அலுவலர்களும் வெட்கமின்றி அவற்றுக்குள் புகுந்துகொண்டே பணிக்குச் செல்கின்றனர். அதே வீதியில், அதே மழையில், உணவுப் பெட்டியோடு, மெல்லிய ஜக்கெற்றும் நனைந்த ஜீன்ஸுமாக விரையும் எமது இளைஞர்களையும் நாள்தோறும் காண்கிறேன். அவர்களை முன்னிட்டே இக்கட்டுரை.

சென்ற கிழமை அத்தகைய இளைஞர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். கடிதமொன்றை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கையொப்பமிடுவதற்காகப் பேனாவை நீட்டினேன். அவரால் அதனைப் பிடிக்க முடியவில்லை. "பொறுங்கோ அண்ணை, கை விறைச்சுப் போச்சு" என்று இரு கைகளையும் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார். கையுறை எங்கே என்று கேட்டேன். "இந்த மாதம் தங்கச்சிக்குக் காசு அனுப்ப வேணும் அண்ணை. அதை அடுத்த மாதம் பாப்பம்" என்றார். பேனாவைப் பிடிக்க இயலாத அந்தக் கைதான் ஐந்து நிமிடங்களுக்கு முன்னர் பாரிஸின் மாலை நெரிசலில் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு வந்த கை. அதுவே என்னை அச்சங்கொள்ள வைத்தது.

அவரைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனாகவும் பின்னர் பத்திரிகையாளனாகவும் இருந்த நான் இங்கு வந்து முதலிற் செய்த தொழில் பீற்சா விநியோகம். 2011 கார்த்திகையில் ஒரு வெள்ளி இரவு, வெப்பநிலை 4 பாகை, விடாத தூறல். பெல்வில் மேட்டிலிருந்து வீதி சரிந்து இறங்குகிறது. கீழே சிவப்பு விளக்கு. பிறேக்கை அழுத்துமாறு மூளை சொல்கிறது. விரல்களோ கைபிடியிலேயே கிடக்கின்றன. நின்றிருந்த சிறிய வான் ஒன்றின் பின்புறத்தில் மோதித்தான் நின்றேன். வேகம் குறைவாக இருந்தமையால் முழங்காற் சிராய்ப்போடு தப்பினேன். வானிலிருந்து இறங்கிய முதியவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் கையைத் தொட்டுப் பார்த்தார். பின்னர் வண்டிக்குள் கிடந்த அன்றைய பத்திரிகையை எடுத்து, மடித்து, என் ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு செருகி, சிப்பை இழுத்துப் பூட்டினார். இளமையில் தாமும் மோட்டார் சைக்கிள் ஓட்டியவராம். பத்திரிகையில் எழுதியதற்காக நாட்டைவிட்டு வெளியேறிய ஒருவனுக்கு, பத்திரிகையின் இந்தப் பயன் அதுவரை தெரிந்திருக்கவில்லை. மலையேறி முடித்த சைக்கிள் பந்தய வீரர்கள், இறக்கத்துக்கு முன்னர் வீதியோரத்தவர் நீட்டும் பத்திரிகையை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொள்ளும் பழைய வழக்கமும் இதே காரணம்பற்றியதே என்பதைப் பின்னர் அறிந்தேன்.

குளிர் வெறும் அசௌகரியம் என்று எண்ணுவதே முதற் பிழை. வெப்பமானி காட்டும் அளவு ஒன்று. ஓடும் வண்டியில் தோல் உணரும் அளவு வேறொன்று. 1940களின் தொடக்கத்தில் போல் சைப்பிள், சார்ள்ஸ் பசெல் என்னும் அமெரிக்கர் இருவர், நீர் நிரப்பிய உருளையொன்று அந்தாட்டிக்காவின் காற்றில் எவ்வளவு விரைவில் உறைகிறது என்று அளந்து இந்தக் கணிப்புக்கு அடியிட்டனர். 2001 இல் அமெரிக்காவும் கனடாவும் திருத்தியமைத்த வாய்பாட்டின்படி, 5 பாகைக் குளிரில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் காற்று மூடப்படாத தோலுக்குப் பூச்சியத்துக்குக் கீழ் 1 பாகைபோலத் தோன்றும். பூச்சியப் பாகையில், நெடுஞ்சாலையில் 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவருக்கு அது கீழ் 10 பாகை. உடை நனைந்துவிட்டால் கணக்கு இன்னும் மோசமாகும். அசையாத காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. சைக்கிள்காரர் மிதிப்பதனாற் சூடேறுகிறார். மோட்டார் சைக்கிள்காரரோ அசையாது அமர்ந்திருக்கிறார்.

உடல் இதனை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம். இதயமும் பிற உள்ளுறுப்புகளும் குளிராதிருக்கும் பொருட்டு, கைகால்களுக்குச் செல்லும் குருதியை அது குறைக்கிறது. ஆகவே விரல்களே முதற்பலி. நெஞ்சு சூடாக இருந்தால் விரல்களுக்கும் குருதி கிடைக்கும். முதியவரின் பத்திரிகை என் கைகளுக்குச் செய்த உதவியும் அதுதான். 37 பாகையில் இருக்கவேண்டிய உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ அவசரநிலை. நடுக்கம், நாக்குழறல், தடுமாற்றம் என்பன அதன் குறிகள். தடுமாறுவது சிந்திக்கும் மூளையே ஆதலால், தடுமாறுபவருக்கு அது தெரிவதில்லை. கடுங்குளிரில் நடுக்கம் தானாக நின்றுவிட்டால் உடல் தேறிவிட்டது என்று கொள்ளலாகாது. நிலைமை முற்றிவிட்டது என்றே கொள்ளவேண்டும். குளிருக்கு ஒரு மிடறு குடித்தாற் சூடேறும் என்பதும் பொய். மது தோலின் குருதிக்குழாய்களை விரித்து, இருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றும்.

இந்த அறிவு எமது மரபில் இல்லை; அதிற் குற்றமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனிக்குக் காதை மூடித் துவாயைக் கட்டினாற் போதும். சாரத்தோடும் செருப்போடும் எம்.டி. 90 ஓடியவர்கள் நாம். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டியை ஓடவைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டோம். ஓட்டுபவரைச் சூடாக வைத்திருக்கும் வித்தை அங்கு தேவைப்படவில்லை. ஆகையால் இங்கு வந்ததும் தடித்த கோட்டு ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

வெப்பத்தைக் காப்பது துணியன்று. துணிகளுக்கிடையே அகப்பட்டு நிற்கும் காற்று. அதனால் ஒரு தடித்த உடையிலும் மூன்று மெல்லிய உடைகள் மேல். தோலை ஒட்டியிருப்பது பருத்தியாக இருத்தல் கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய கம்பளியோ, விளையாட்டு வீரர் அணியும் செயற்கை இழைச் சட்டையோ நன்று. அதன்மேல் கம்பளிச் சட்டை. எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் நீரும் புகாத ஜக்கெற். உணவு விநியோகம் செய்பவர் சமையலறையின் சூட்டுக்குள் நுழைவதும் குளிருக்குள் மீள்வதுமாக இருப்பதால், உள்ளே செல்லும்போது சிப்பைத் திறந்துவிட வேண்டும். வியர்த்த உடம்போடு வெளியே வருவது மழையில் நனைவதற்கு ஒப்பானது. இறுக்கமும் பகையே: இறுகிய சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போட்டால், குருதியோட்டம் தடைப்பட்டுப் பாதம் முன்னிலும் விறைக்கும்.

மழைக்கு ஜக்கெற் மட்டும் போதாது. மழை நீர் மடியில் தேங்கி, இருக்கையில் ஊறி, ஜீன்ஸ் வழியே மேலேறும். மேற்காற்சட்டை ஒன்று இருக்கையின் கீழ்ப் பெட்டிக்குள் எப்போதும் கிடக்கவேண்டும். அதனை நனைந்தபின் அணிவது வீண். அதன் கால்கள் சப்பாத்துக்கு வெளியே விழவேண்டும். உள்ளே செருகினால் முழங்காலில் வழியும் நீர் யாவும் பாதத்துக்கே வந்துசேரும். கையுறையின் வாயும் அப்படியே: மழையில் அது ஜக்கெற்றின் கைக்கு உள்ளே இருக்கவேண்டும்.

கையுறைபற்றிச் சட்டமும் பேசுகிறது. பிரான்சில் 2016 நவம்பர் 20 முதல், மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் ஓட்டுபவர் மட்டுமன்றிப் பின்னால் இருப்பவரும் சி.இ. குறியுள்ள கையுறை அணிந்திருத்தல் கட்டாயம். மீறினால் 68 யூரோ தண்டம். ஓட்டுபவரின் அனுமதிப்பத்திரத்தில் ஒரு புள்ளியும் போகும். பெல்ஜியத்தில் 2011 செப்டெம்பர் முதல் கையுறையோடு நீண்ட கை ஜக்கெற், நீண்ட காற்சட்டை, கணுக்காலை மூடும் சப்பாத்து ஆகியனவும் கட்டாயமாயின. சந்தையில் விற்கும் கம்பளிக் கையுறை சட்டத்துக்கும் உதவாது, வீதியில் விழுந்தால் உள்ளங்கையையும் காவாது. உட்பக்கச் சிட்டையில் மோட்டார் சைக்கிளின் சிறு படமும் 13594 என்ற இலக்கமும் உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள். பனிச்சறுக்கு விளையாட்டுக்கான தடித்த ஜக்கெற்றுக்கும் இக்குறையே உண்டு. குளிரைத் தாங்கும், தாரில் உரசினாற் கிழிந்துவிடும்.

அவசரத்துக்கு ஓர் உபாயம் உண்டு. உணவகங்களில் எம்மவர் நாள் முழுவதும் பயன்படுத்தும் மெல்லிய றப்பர் கையுறையை உள்ளே அணிந்து, அதன்மேல் வழமையான கையுறையைப் போட்டால் காற்றும் ஈரமும் விரலை எட்டா. கை வியர்க்கும், ஆயினும் வீடுவரை வரலாம். காலுறைக்குமேல் பொலித்தீன் பை கட்டுவதும் அத்தகையதே. இவற்றை நிரந்தர ஏற்பாடாக்கிவிடும் எமது கெட்டித்தனத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

கழுத்தைச் சால்வையால் மூடாதீர்கள். நடனமணி இசடோரா டங்கன் 1927 இல் இதே பிரான்சின் நீஸ் நகரில், காரின் சில்லில் தமது நீண்ட சால்வை சிக்கியதால் உயிரிழந்தார். குழாய் வடிவில் தைத்த கழுத்துத்துணி சில யூரோக்களுக்குக் கிடைக்கும். தலைக்கவசத்தின் கண்ணாடி மூச்சால் மங்குமெனில் உட்புறம் ஒட்டும் 'பின்லொக்' என்ற இரண்டாம் தகடு உதவும். என்னைப்போல் மூக்குக்கண்ணாடி அணிபவர், விளக்கில் நிற்கும்போது முன்கண்ணாடியை ஒரு விரற்கடை திறந்துவிடுவதே வழி. மார்கழியில் மாலை 5 மணிக்கு முன்னரே இருண்டுவிடும் இந்நகரில் கரிய உடையணிந்து மழையிற் செல்பவரைக் கார்க்காரர் காண்பதில்லை. ஒளி தெறிக்கும் மஞ்சள் மேலங்கியை வண்டியில் வைத்திருக்குமாறு 2016 முதல் சட்டம் சொல்கிறது. நான் அதனை அணிந்தே ஓட்டுவேன்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் எவரும் வாங்க இயலாது. என்னைக் கேட்டால், முதலிற் கையுறை, அடுத்து மழைக் காற்சட்டை, பின்னர் தோலோடு அணியும் கம்பளிச் சட்டை, அதன்பின் சப்பாத்து என்பேன். ஜக்கெற் எவரிடமும் ஏதோவொன்று இருக்கவே செய்கிறது. அதற்குள் பத்திரிகை இருக்கலாம். தங்கைக்கு அனுப்பும் பணத்தில் 50 யூரோ குறைவதைப்பற்றி அந்த இளைஞரோடு நெடுநேரம் வாதிட்டேன். சம்பாதிக்கும் கை போனால் தங்கைக்கு என்ன போகும் என்றும் கேட்டேன். அவர் சிரித்தாரேயன்றி இணங்கவில்லை. இறுதியில் என் பழைய கையுறையைக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள்களின் பின் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, கையுறை கொஞ்சம் பெரிசு." பிறேக்கை முழுதாகப் பிடிக்க முடிகிறதா என்று கேட்டேன். முடிகிறது என்றார். அப்படியானால் அது சரியான அளவு, விரல் நுனியில் காற்று நிற்க இடம் வேண்டும் என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஆரிட்டையும் பழைய தப்லியே ஒண்டு இருக்குமோ எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்றார். இதனை வாசிப்பவர்களிடம் கேட்கிறேன்.