கொழும்புக்குப் போயும் சாம்பார்தானா?

மதுரையில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு. ராமேஸ்வரத்துக்குக் காரில் போகவே அதைவிட அதிக நேரமாகும். குடும்பத்தோடும் கோயில் குழுவோடும் நம் ஊர்க்காரர்கள் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பி வந்தவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால், “கவலையே இல்லைங்க, மூணு வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு” என்கிறார்கள். பேக்கேஜ் விளம்பரங்களிலும் இதுதான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனக்கு இது பெருமையாகப் படவில்லை. பெரிய இழப்பாகவே படுகிறது.

கொழும்பில் பழைய தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்து பாருங்கள். கேட்காமலே ஒரு தட்டு வந்து மேசையில் அமரும். ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், முக்கோண வடிவில் மீன் பணிஸ். எதை எடுத்தோமோ அதற்கு மட்டும்தான் காசு. கூடவே பிளேன்டீ: பால் கிடையாது, இஞ்சி தட்டிப் போட்டிருப்பார்கள். பால் டீக்குப் பழகிய மதுரை நாக்குக்கு முதல் மடக்கு துவர்க்கும். அடுத்த மடக்கில் தேயிலையின் மணம் பிடிபடும்.

அந்தத் தேயிலையில் நம் ஜில்லாக்காரர்களின் உழைப்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கமிருந்து கடல் தாண்டி, மன்னார் காட்டு வழியே கால்நடையாகக் கண்டிச் சீமைக்குப் போனவர்கள் முதலில் காப்பித் தோட்டங்களில்தான் வேலை செய்தார்கள். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. அதே மலைகளில் தேயிலை ஏறியது. அங்கேயே போய் நுவரெலியா சீதையம்மனைக் கும்பிட்டுவிட்டு, பேருந்தில் ஃபிளாஸ்க் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்புகிறோமே!

கொத்து பரோட்டாவைத் தங்கள் சொத்தாக நினைக்கும் மதுரைக்காரர்கள் அங்கே கொத்துரொட்டியை ருசிக்காமல் வரலாமா? கல்லில் தகடு விழும் தாளம் ஒன்றுதான். ஆனால் அவர்கள் லீக்ஸும் கேரட்டும் சேர்க்கிறார்கள், சால்னாவின் இடத்தில் வேறொரு குழம்பு. மாலையில் கொழும்புக் கடற்கரையோரக் காலிமுகத்திடலுக்குப் போனால், பருப்பு வடையின் மேல் முழு இறாலைப் பதித்துப் பொரித்த வடை. யாழ்ப்பாணம் வரை போகிறவர்களுக்கு ஒடியல் கூழ். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மாவில் மீன், நண்டு, பலாக்கொட்டை, புளி, மிளகாய் எல்லாம் கொதித்துக் கிடக்கும். நம் பக்கமும் பனைக்குப் பஞ்சமில்லை. கிழங்கை அவித்துத் தின்பதோடு நாம் நின்றுவிட்டோம்.

வயதானவர்கள், சைவம் மட்டும் உண்பவர்கள் பாடு சிரமம் என்பார்கள். அவர்களுக்குச் சைவக்கடைகளில் இடியாப்பமும் சொதியும் சம்பலும் இருக்கின்றன.

என் கவலை ருசியோடு முடியவில்லை. பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பது புறப்படும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் தெருவோரக் கடைக்காரரின் கல்லாவுக்குப் பயணியின் காசு போவதே இல்லை. மதுரைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் இதேதான் நடக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்கிறார்கள், திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்கிறார்கள், ஓட்டல் பஃபேயில் ரொட்டியும் ஆம்லெட்டும் தின்றுவிட்டுப் போகிறார்கள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, சாயங்காலத் தள்ளுவண்டியில் சுடச்சுடப் பருத்திப்பால், நள்ளிரவிலும் ஆவி பறக்கும் இட்லி, கறிதோசை எதுவும் அவர்கள் பட்டியலில் இல்லை. இந்தக் கடைகளை நடத்துகிறவர்களின் பிள்ளைகள் நாளைக்கும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டுமென்றால், உள்ளூர்க்காரர் மட்டும் வந்தால் போதாது.

அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டும்போது, தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது பேக்கேஜிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அந்த வேளையில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடங்கள். கூட்டம் நிற்கிற கடையாகப் பார்த்து உட்காருங்கள்.