பச்சை உடம்புக்காரிக்கு வைத்தியம்

"அம்மா, வெள்ளச்சி தன் முடியைத் தானே பிடுங்கிக்குதும்மா!" என்று சின்னவன் அலறிக்கொண்டு ஓடி வந்தபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால், எங்கள் வீட்டு முயல் வயிற்று முடியைப் பிடுங்கி, வைக்கோலோடு சேர்த்து மெத்தை போட்டுக்கொண்டிருந்தது. கணக்குப் பார்த்தேன். ஆணோடு சேர்த்து விட்டு 31 நாள். அன்று ராத்திரியே ஆறு குட்டிகள்! கண் திறக்காமல், உடம்பில் முடி இல்லாமல், சிவப்புச் சிவப்பாக.

ஆண் முயலை அன்றே வேறு கூண்டுக்கு மாற்றினோம். குட்டி போட்ட கையோடு மறுபடியும் சினை பிடித்துவிடுமாம். நல்ல கூத்து!

வெள்ளச்சி பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. குக்கர் விசில் அடித்தாலே மூலையில் பதுங்கும். இது தெரிந்தும் நான் ஒரு தப்புச் செய்தேன். தெருவிலுள்ள வாண்டுகளையெல்லாம் வரிசையாக நிற்க வைத்துக் குட்டிகளைக் காட்டினேன். மிரண்டு போய் அது குதித்த குதியில், காலடியில் சிக்கி இரண்டு குட்டிகள் போய்விட்டன. அன்று சாப்பாடே இறங்கவில்லை எனக்கு.

ஐந்தாம் நாள் காலை, போட்ட புல் போட்டபடியே கிடந்தது. கூண்டில் புழுக்கையும் இல்லை. மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு காம்புகளைச் சுற்றிக் கல் மாதிரிக் கட்டி, தொட்டால் சுட்டது.

"பால் கட்டிக்கிச்சு, வேறென்ன?" என்றார் மாமியார்.

மூத்தவள் பிறந்த பத்தாம் நாள் எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. குளிர் ஜுரம், புடவைத் தலைப்பு பட்டால்கூட உயிர் போகும் வலி. வாயுள்ள நான் அழுதேன். இது யாரிடம் சொல்லும்?

தாய் முயல் குட்டிகளோடு படுத்துக்கொண்டே இருக்காது. ராத்திரியிலோ விடியற்காலையிலோ ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, நாலைந்து நிமிஷம் பால் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். கொடுத்ததா இல்லையா என்று குட்டிகளின் வயிற்றைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பால் குடித்த குட்டிக்கு வயிறு பந்து மாதிரி இருக்கும். அன்று நாலும் சுருங்கிக் கிடந்தன.

"சின்னவனுக்கு வாங்கின அமாக்சிசிலின் மிச்சம் இருக்கே, ரெண்டு சொட்டு விட்டுப் பாரேன்" என்றார் என் கணவர். நானும் பாட்டிலை எடுத்து வந்தேன். நல்லவேளை, வெள்ளச்சி வாயைத் திறக்கவே இல்லை!

சரி, ஆஸ்பத்திரிதான் என்று முடிவு செய்து கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "குட்டிகளையும் கொண்டு வாங்க. ஆனா தனிப் பெட்டியிலே. ஒரே கூடையிலே வெச்சா குலுக்கல்லே மிதிச்சிடும்" என்றார். செருப்பு அட்டைப்பெட்டியில் அந்த முடி மெத்தையை அப்படியே வைத்து, ஓரத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். தாய்க்கு மூடி போட்ட மூங்கில் கூடை, அடியில் சாக்கு, மேலே என் பழைய நூல் புடவை. காதைப் பிடித்து மட்டும் தூக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கி. பயத்தில் காலை உதைத்து முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் ஜாதி இது.

முயலுக்கு வெயில் ஆகாது என்பதால் ஏழு மணிக்கே கிளம்பினோம். "ஏனுங்க அக்கா, கூடைக்குள்ள பாம்பா?" என்றார் ஆட்டோக்காரர். விஷயத்தைச் சொன்னதும் பள்ளம் மேடு பார்த்து அப்படி மெதுவாக ஓட்டினார், பாவம்.

ஆஸ்பத்திரியில் ஒரே நாய்க் குரைப்பு. மகளைச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, நான் வெளியே வேப்பமரத்தடியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூடை நடுங்குவது என் தொடைக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா மேஜையில் துண்டை விரித்து, இன்னொரு துண்டால் அதன் கண்ணை மூடிவிட்டுத்தான் தொட்டார். "சீழ் பிடிக்கலே, ஆரம்பந்தான்" என்று ஊசி போட்டார். "வீட்டிலே ஏதாவது கொடுத்தீங்களா?"

அமாக்சிசிலின் கதையைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கொடுத்திருந்தா முயல் போயிருக்குமே! புல்லைச் செரிக்க அதுங்க குடல்லே நல்ல கிருமி இருக்கு. இந்த மருந்து வாய்வழியாப் போனா அதை அழிச்சிடும். அப்புறம் கெட்ட கிருமி பெருகி, விஷமாகி, பேதி கண்டு செத்துடும். பிள்ளைங்களுக்கு நல்ல மருந்துதான். முயலுக்கு இல்லே."

எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, கூண்டை அதே இடத்தில் வைத்து முன்னால் சாக்கைத் தொங்கவிட்டேன். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, நாளைக்கு மூன்று வேளை ஒத்தடம். குட்டிகளுக்கு டாக்டரம்மா சொன்னபடி ஆட்டுப்பாலை வெதுவெதுப்பாக்கிப் பில்லரில் சொட்டுச் சொட்டாக. மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடுமாம். குப்புறப் படுத்த வாக்கில்தான் கொடுக்க வேண்டும். இவ்வளவு செய்தும், இருப்பதிலேயே சின்னது அன்று ராத்திரி தங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வைத்த கொத்துமல்லியைக் காணோம். கையில் வைக்கோலைத் தேய்த்துக்கொண்டு மெத்தையை விலக்கிப் பார்த்தேன். மூன்று குட்டி, மூன்று பந்து!

சாயங்காலம் வாசலில் வாண்டுகள் கூட்டம். "ஆன்ட்டி, முயல்குட்டி பார்க்கலாமா?"

"கண்ணு திறக்கட்டும், அப்புறம் வாங்க" என்று கதவைச் சாத்தினேன்.