உங்களுக்குத் தெரியுமா? துடிப்பைக் காக்கும் ‘தடை’ மரபணுக்கள்

கருவில் முதலில் உருவாகும் இதயத் தசைச் செல்கள் எல்லாமே தாமாகத் துடிக்கக்கூடியவை. பிறகு என்கேஎக்ஸ்2-5 என்ற மரபணு, அவற்றில் பெரும்பாலானவற்றைச் சுருங்கி விரியும் தசையாக முதிரச் செய்கிறது. வலது மேலறையின் ஓர் ஓரத்தில் மட்டும் ஷாக்ஸ்2 மரபணு அதைத் தடுக்கிறது. டிபிஎக்ஸ்3 தசைக்குரிய பிற மரபணுக்களை அடக்குகிறது. அப்படி முதிராமல் காக்கப்பட்ட சிறு திட்டுதான், வாழ்நாள் முழுதும் நம் இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஏ. கணு. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

என்கேஎக்ஸ்2-5 பழுதானால் மேலறைச் சுவரில் ஓட்டையும், கீழறைக்குச் செல்லும் மின்தூண்டலில் தடையும் தலைமுறை தலைமுறையாக வரலாம் என்பது 1998-இல் தெரியவந்தது. 2014-இல் லாஸ் ஏஞ்சலஸின் சிடார்ஸ்-சினாய் ஆய்வாளர்கள் டிபிஎக்ஸ்18 மரபணுவைச் செலுத்தி, பன்றியின் சாதாரண இதயத் தசைச் செல்களையே துடிப்பைத் தொடங்கும் செல்களாக மாற்றிக்காட்டினார்கள்.