மகளுக்கு 4 மணி நேரம், மருமகளுக்கு ஏன் இவ்வளவு நேரம்?

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர். மூவருக்கும் தலைப்பிரசவம். பிரசவ அறைக்கு வரும்போதே வயிற்றுப்போக்கில் துவண்டு, நாக்கு வறண்டுபோய் வந்தார்கள். விசாரித்தால் விளக்கெண்ணெய். “ராத்திரி பூரா வலியிலேயே கெடந்தா டாக்டர். எம் பொண்ணுக்கு 4 மணி நேரத்துல பொறந்துடுச்சு, இவளுக்கு ஆகல. அதான் கொஞ்சம் குடுத்தேன்” என்றார் ஒரு மாமியார். மகளுக்கு அது எத்தனையாவது பிரசவம் என்று கேட்டேன். மூன்றாவதாம்!

எந்தக் கடிகாரம்?

1950களில் அமெரிக்க மருத்துவர் எமானுவல் ஃப்ரீட்மேன் பிரசவத்தின் வேகத்தை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். அதிலிருந்து பிறந்த, கர்ப்பவாய் ‘மணிக்கு 1 சென்டிமீட்டர்’ திறக்க வேண்டும் என்ற கணக்கை நாங்களும் பல ஆண்டுகள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. கர்ப்பவாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் வேகமான கட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து முழுதாகத் திறக்கத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம்வரை, அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம்வரை ஆகலாம். அதன் பின் முக்கிப் பெற முதல் தடவை 3 மணி நேரம்வரை, பிறகு 2 மணி நேரம்வரை. அந்த 5 சென்டிமீட்டருக்கு முந்தைய கட்டத்துக்கு இவ்வளவு நேரம்தான் என்ற வரையறையே கிடையாது. நீங்கள் பதறுகிற ‘ராத்திரி பூரா வலி’ பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது.

தாயைப் பொறுத்தது

நேரத்தை மாற்றுகிற விஷயங்களில் முதலாவது, இது எத்தனையாவது குழந்தை என்பது. ஒருமுறை விரிந்து கொடுத்த பாதை அடுத்த முறை சீக்கிரம் விட்டுக்கொடுக்கும்.

அடுத்தது எடை. உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கர்ப்பவாய் திறக்கிற கட்டம் இழுக்கும், வலி ஏற்றும் மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும். முக்குகிற கட்டத்தில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ‘குண்டா இருக்கா, முக்க மாட்டா’ என்று அந்தப் பெண்ணின் காதுபடப் பேசுவதை நிறுத்துங்கள். பொறுமையாகக் காத்திருந்தால் பலருக்கும் சுகப்பிரசவம் ஆகும். 35 வயதைத் தாண்டித் தலைப்பிரசவம் என்றால் கடைசிக் கட்டம் கொஞ்சம் நீளலாம். அதற்காக வயதை மட்டும் பார்த்துக் கத்தியை எடுப்பதில்லை.

உயரம் 145 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கூடுதலாகக் கவனிப்போம். உயரத்தை வைத்து மட்டும் முடிவு கட்ட மாட்டோம். குழந்தையின் தலை இறங்குகிறதா என்பது வலி வந்த பிறகுதான் தெரியும். ‘இடுப்பு அகலம், தானா பொறந்துடும்’ என்பதும் இதே ரகம். வெளியே தெரிகிற அகலத்துக்கும் உள்ளே எலும்புக்கூட்டில் இருக்கிற இடத்துக்கும் சம்பந்தம் இல்லை.

நெய், கஷாயம், விளக்கெண்ணெய்

ஒன்பதாம் மாதம் நெய் குடித்தால் குழந்தை வழுக்கிக்கொண்டு வருமாம். நெய் போகிற பாதை வேறு, குழந்தை வருகிற பாதை வேறு. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் யார் காதிலும் ஏறுவதில்லை. ஏறுவது எடைதான்.

இதற்கு நேர்மாறாகச் சில வீடுகளில் ‘புள்ள சின்னதா இருந்தா சுலபமா பொறக்கும்’ என்று அரை வயிற்றுக்குச் சாப்பாடு. இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துவிடும், கறுத்துவிடும் என்று குப்பையில் போடுகிறார்கள். மாத்திரையால் நிறம் மாறாது. ரத்தசோகையோடு நீண்ட பிரசவத்தைத் தாண்டி வருகிறவளின் கர்ப்பப்பை களைத்துச் சுருங்க மறுத்தால், அந்த ரத்தப்போக்கைத் தாங்க உடம்பில் என்ன இருக்கும்?

சீரகக் கஷாயம் கொதிக்கவைத்து ஒரு டம்ளர் குடித்தால் சண்டை போட மாட்டேன். தண்ணீர் உள்ளே போகிறதே என்று விட்டுவிடுவேன். விளக்கெண்ணெய் அப்படியல்ல. குடலைக் கலக்கி, அதோடு கர்ப்பப்பையையும் தூண்டிவிடக்கூடியது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வலிக்குப் போடும் டிரிப்ஸை, குழந்தையின் துடிப்பு குறைந்தால் அந்த நொடியே நிறுத்த முடியும். விழுங்கிய எண்ணெயை எப்படி நிறுத்துவீர்கள்? ஏற்கெனவே சிசேரியன் ஆனவருக்குப் பழைய தையல் விட்டுப்போய்க் கர்ப்பப்பையே கிழியலாம். வீட்டுக்கு ஆளை வரவழைத்து ‘வலி ஊசி’ போட்டுக்கொள்கிறவர்களிடம் என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியவில்லை.

பயம்

நார்வேயில் 2,206 பெண்களிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. பிரசவத்தை நினைத்து அதிகம் பயந்தவர்களுக்கு, மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும், சுமார் 47 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உறவுப் பெண் ஒருவர் பிரசவத் துணையாக உள்ளே இருக்கலாம். ஆனால் உள்ளே வருகிறவர் ‘எனக்கெல்லாம் செத்துப் பொழச்ச மாதிரி’ என்று ஆரம்பிக்கக் கூடாது! முதுகைத் தடவிவிட்டு, தண்ணீர் கொடுத்து, நடக்கவைத்தால் போதும். படுத்தே கிடப்பதைவிட நடந்தும் நிமிர்ந்து உட்கார்ந்தும் இருப்பவர்களுக்கு முதல் கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன.

பரிசோதனைகள்

ரத்தஅழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, ஸ்கேன். சொன்ன தேதியில் செய்துவிடுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

தலைப்பிரசவம் என்றால் 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிக்கும்வரை வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கலாம். இட்லியும் கஞ்சியும் கொடுங்கள், தயவுசெய்து பட்டினி போடாதீர்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள்.

இரண்டாவது, மூன்றாவது பிரசவக்காரர்களிடம் என் வேண்டுதல் நேர்மாறானது. ‘போன தடவை 10 மணி நேரம் ஆச்சே’ என்று துணி துவைத்து, சமைத்து முடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். வலி சீராக வரத் தொடங்கியதும் 108க்குப் போன் செய்யுங்கள். முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் முதல் வலியிலேயே புறப்படுங்கள். வரும்போது அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள். போன தடவை எதற்காக வயிற்றைக் கிழித்தார்கள் என்பது அதில்தான் எழுதியிருக்கும்.