மஞ்சள் கடிதமும் மகளின் கல்லூரிக் கட்டணமும்

மாலை மதரஸா முடிந்து பிள்ளைகள் கலைந்த பின் ஒரு நாள், தவணைக்குச் சேலை விற்கும் சகோதரர் ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். மேலநீலிதநல்லூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு இரு சக்கர வாகனத்தில் துணி மூட்டையுடன் சென்று, வாரந்தோறும் பணம் வசூலிப்பவர். வெகு நேரம் மௌனமாக இருந்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "ஹஜ்ரத், மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே, உண்மைதானா?"

மொத்தக் கடைப் பாக்கி, தினத் தண்டல், மைத்துனர் ஜாமீன் கையெழுத்திட்ட புரோநோட்டு, அடகில் மனைவியின் நகை, மூத்த மகனின் பொறியியல் படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடன் என ஒவ்வொன்றாகச் சொன்னார். மகளோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குக் காத்திருந்தாள். "வீட்டில் தெரியுமா?" என்றேன். "பிள்ளைகள் படிப்புக் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை" என்றார்.

மறுநாள் அவரை வழக்குரைஞர் நண்பர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அங்கு நானும் பாடம் படித்தேன் என்பதை மறைப்பானேன்?

நம் மக்கள் மஞ்சள் கடிதம் என்றும், 'ஐ.பி. கொடுப்பது' என்றும் சொல்வது 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புநிலைச் சட்டப்படி நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவாகும். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுச் செய்யலாம் என்கிறது அச்சட்டம். அந்தக் காலத்து 500 ரூபாய்! 2016இல் புதிய திவால் சட்டம் வந்தது. ஆயினும், அதில் தனி மனிதர்களுக்குரிய பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் விஷயத்தில் மட்டுமே 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. சேலை வியாபாரிக்கு இன்றும் பழைய சட்டம்தான்.

மனுக் கொடுத்த அன்றே கடன் அழிந்துவிடுவதில்லை. நொடித்தவர் என நீதிமன்றம் அறிவித்ததும், உடுப்பு, சமையல் பாத்திரம், தொழிற்கருவி போன்றவை நீங்கலாகச் சொத்து அவர் கையை விட்டுப் போய்விடும். பின்னர் விடுவிப்புக் கோரித் தனியே மனுச் செய்ய வேண்டும். குறித்த காலத்தில் செய்யாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். முந்தைய இரண்டாண்டுகளில் மனைவி பெயருக்கு எழுதி வைத்த வீட்டையும் நீதிமன்றம் செல்லாததாக்க முடியும். அடகு நகைமீது அடகு பிடித்தவரின் உரிமை அப்படியே நிற்கும்.

எல்லாவற்றிலும் அவரை உலுக்கியது வேறொன்று. கடனாளி விடுவிக்கப்பட்டாலும், அவருக்காக ஜாமீன் நின்றவரும் சேர்ந்து கையெழுத்திட்டவரும் விடுபட மாட்டார்கள்! ஆக, புரோநோட்டுக்காரர் மைத்துனரின் வாசலுக்குப் போவார். கல்விக் கடனில் கடனாளியே மகன்தான். தகப்பனார் கூட்டுக் கையெழுத்துக்காரர். தந்தை கொடுக்கும் மஞ்சள் கடிதத்தால் மகனின் கடனில் ஒரு ரூபாயும் குறையாது. அந்தப் பிள்ளையோ தன் பெயரில் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதைக்கூட அறியாமல் வெளியூர் விடுதியில் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்தான்.

வட்டிக்குக் கடன் வாங்கிப் படிக்கலாமா என்ற மார்க்கச் சட்டத்தை இங்கே நான் விவரிக்கப் புகவில்லை. வாங்கிவிட்டவர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் தீர்ப்புச் சொல்வதைவிடக் கணக்குச் சொல்வது இன்றைய அவசரம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்காண்டுகளில் 4 லட்சம் வாங்குவதாகவும், நூற்றுக்குப் பத்து வட்டி என்றும் கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்பதால் பலரும் கடனையே மறந்துவிடுகிறார்கள். வட்டி மறப்பதில்லை. முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ரூபாய். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,140 ரூபாய் வேண்டும். கட்டி முடிக்கையில் எட்டரை லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பமாக இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தால், அந்தத் தவணையில்லாக் காலத்து வட்டியை மத்திய அரசே செலுத்தும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்துக் கேட்க வேண்டும். நம் சகோதரர் கேட்கவே இல்லை. திட்டம் இருப்பது அவருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் 2005இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். திவால் மனுக் கொடுக்கும் தனி மனிதர் அதற்கு முன் கடன் ஆலோசனை பெற வேண்டும். கடனிலிருந்து விடுபடும் முன் குடும்ப வரவு செலவு பற்றிய பாடம் ஒன்றையும் படித்து முடிக்க வேண்டும். அங்கும் மாணவர் கடன் திவாலில் எளிதில் கழிவதில்லை. வீடு எரிந்த பின் தீயணைக்கக் கற்பிக்கிறார்கள் என்று சிலர் நகைக்கலாம். நம் சட்டத்தில் அந்தப் பாடமும் கிடையாது!

அப்பாடத்தை நாம்தான் நடத்த வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே திருமறையில் மிக நீளமானது என்பதைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். நம் வீட்டில் கணக்கு நோட்டு இருக்கிறதா? பழங்களை வாங்கி நட்டப்பட்டுக் கடனில் மூழ்கிய ஒருவருக்குத் தர்மம் செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்களிடம் கூறினார்கள். சேர்ந்தது கடனுக்குப் போதவில்லை. இருப்பதைப் பெற்றுக் கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று கடன் கொடுத்தவர்களிடம் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. ஜகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோரும் உண்டு. ரமளானில் சில்லறையாகவும் சேலையாகவும் சிதறிப் போகும் ஜகாத்தில் ஒரு பகுதியை இவர்களுக்கென ஒதுக்க ஜமாஅத்துகள் ஏன் தயங்குகின்றன என்பது எனக்குப் புரியவில்லை.

தயங்கினால் என்ன நேரும் என்பதை நம் பக்கத்திலேயே கண்டோம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் தமிழகத்தில் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில், காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் இரு பச்சிளம் குழந்தைகளோடு நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்து மாண்டது.

சகோதரரை அன்றிரவே வீட்டில் பேச வைத்தேன். மகனை வரவழைத்தோம். மனைவி அழுதார், கடனுக்காக அல்ல, மறைத்ததற்காக. பிறகு கடன்களை ஒவ்வொன்றாக மகளே நோட்டில் எழுதினாள். தண்டலை முதலில் முடிப்பது. மொத்தக் கடைக்காரரிடம் நேரில் போய்த் தவணை கேட்பது. மகன் வருமானச் சான்றிதழுடன் வங்கிக்குப் போவது. மஞ்சள் கடிதப் பேச்சு அத்துடன் நின்றது. மகள் வெளியூர்க் கல்லூரி ஆசையை விட்டு, மேலநீலிதநல்லூர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியில் சேர்ந்தாள். அரசுப் பள்ளியில் படித்தவளாதலால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வருகிறது.

அந்த நோட்டு இப்போதும் அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. சென்ற மாதம் தண்டலின் கடைசித் தவணை கட்டியாயிற்று. மைத்துனர் கையெழுத்திட்ட புரோநோட்டு இன்னும் பாக்கி.